இடம் கிடைப்பது கண்ணியமா, கிடைக்காதது இழிவா?



ஐஐடி முடிவுக்காக நம் பிள்ளைகள் தூக்கமின்றிக் காத்திருக்கிறார்கள். இடம் கிடைத்தால் அல்லாஹ் கண்ணியப்படுத்தினான் என்கிறோம். கிடைக்காவிட்டால் அவன் கைவிட்டதாக உடைந்துபோகிறோம்.

சூரத்துல் ஃபஜ்ரின் 15, 16ஆம் வசனங்கள் மனிதனின் இந்த இரு பேச்சுகளையும் எடுத்துக்காட்டுகின்றன. 17ஆம் வசனம் அதை மறுத்து, உடனே அநாதையைக் கண்ணியப்படுத்தாதவர்களைக் கண்டிக்கிறது. கொடுப்பதும் சோதனை, குறைப்பதும் சோதனை. பலவீனமானவரிடம் எப்படி நடந்தோம் என்பதே கேள்வி.

கணக்கையும் பாருங்கள். 2024இல் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர்கள் சுமார் 1,80,000 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 48,248 பேர். எல்லா ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்களோ 17,740. தேர்ச்சி பெற்றும் 30,000க்கும் அதிகமானோருக்கு அங்கே இடமில்லை. இவர்கள் எல்லோரும் இழிந்தவர்களா?

இடம் கிடைத்த பிள்ளையிடம், "இந்தப் படிப்பால் யாருக்கு உதவப் போகிறாய்?" என்று கேளுங்கள். கிடைக்காத பிள்ளையிடம், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பேசாதீர்கள். அன்று உங்கள் வீட்டில் பலவீனமானவர் அந்தப் பிள்ளைதான். முடிவு வரும் நாளில் தேர்வு எழுதுவது பெற்றோரும்தான்.

கிடைத்தால் ஷுக்ரும், கிடைக்காவிட்டால் ஸப்ரும் செய்யும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.