பழி யாருக்கு, புகழ் யாருக்கு?

தலைமைப் பதவி வேறு; தலைமைத் தன்மை வேறு. முன்னது ஒரு கடிதத்தின் மூலம் ஒரே நாளில் வந்துவிடும். பின்னது வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சிலருக்கு ஓய்வு பெறும் வரையிலும் வருவதில்லை. இந்த வேற்றுமையை நம் வாலிபர்கள் இன்று சிந்தித்துப் பார்ப்பது மிகவும் அவசியமாகும்.

அதற்குக் காரணம் உண்டு. பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசித் தோட்டமும் கடைத்தெருவும் மட்டுமே என்றிருந்த காலம் போய்விட்டது. நம் பிள்ளைகள் பொறியியலும் கணினியும் கற்று ஜொகூர் பாரு, சிங்கப்பூர், பினாங்கு முதலிய இடங்களில் தொழில்நுட்பக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கின்றனர். அருகிலுள்ள கூலாய் வட்டாரத்திலேயே பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. வேலையில் கெட்டிக்காரராக இருப்பவர் சில ஆண்டுகளில் பத்துப் பேருக்கு மேலாளர் ஆகிறார். அப்பொழுது அவர் முன் ஒரு கேள்வி எழுகிறது: "இனி நான் எதில் வளர வேண்டும்?" சம்பளத்திலா? கீழே வேலை செய்வோரின் எண்ணிக்கையிலா? தனி அறையிலா? இவையெல்லாம் பதவியின் வளர்ச்சியே அன்றி மனிதனின் வளர்ச்சி ஆகமாட்டா.

உழைப்பவன் தன் கைக்குப் பதில் சொல்கிறான். தலைவன் பிறர் கைகளுக்கும் பதில் சொல்கிறான். இது நமக்குப் புதிதன்று. கடைச் சிப்பந்தி நிறுவையில் தவறினால் வாடிக்கையாளர் முதலாளியிடம்தானே வந்து கேட்கிறார்? ஆனால் கடை முதலாளி தராசைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். தொழில்நுட்பக் கம்பெனியின் தலைவருக்கு அந்த வசதி இல்லை. ஆயிரம் நுணுக்கங்கள் ஆயிரம் பேருடைய அறிவில் இருக்கின்றன. அவர் பிறர் சொல்லை நம்பித்தான் தீர்மானம் செய்ய வேண்டும். ஆகவே தமக்கு உண்மை வந்து சேர்கிறதா என்பதே அவருக்கு உயிர்நாடியான விஷயம்.

இதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் வாழ்விலிருந்தே சான்று காட்டலாம். இராமேசுவரத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார்கள். அது கம்பெனி அன்று, அரசாங்க நிறுவனம்தான். எனினும் தொழில்நுட்பத் தலைமையின் சோதனை இரண்டிலும் ஒன்றே. நான்கு அடுக்குகளும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் செலுத்தப்பட்டது. புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி எச்சரிக்கை கொடுத்து நிறுத்தியது என்றும், உடனிருந்த நிபுணர்கள் பயமில்லை என்று சொன்னதன் பேரில் தாமே செலுத்தத் தீர்மானித்ததாகவும் கலாம் அவர்கள் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். முதல் அடுக்கு சரியாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுபட்டது. பல ஆண்டு உழைப்பு வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர் முன்னிலையில் பேசியவர் கலாம் அல்லர். நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் அவர்கள். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும், தம் குழுவினர்மேல் தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், அடுத்த முறை வெல்வார்கள் என்றும் அவர் சொன்னார். 1980-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணி என்ற துணைக்கோளை விண்ணில் சேர்த்தது. அன்று தவான் அவர்கள் ஒதுங்கி நின்று, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பினார். பழி வந்தபோது முன்னே நின்றவர், புகழ் வந்தபோது பின்னே நின்றார். இதைப் பெரும்பாலோர் அறிந்தது கலாம் அவர்கள் நன்றியோடு சொல்லக் கேட்டுத்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பிறர் செய்த பிழையைத் தமது என்று சொல்வது உண்மைக்கு மாறானதல்லவா? அது கவனக்குறைவுக்கு இடம் கொடுப்பதாகாதா? நியாயமான கேள்விதான். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். குற்றம் செய்தவனோடு நிற்பது. பொறுப்பு ஏற்றவனோடு நிற்பது. தவான் அவர்கள் பிழையே நடக்கவில்லை என்று மறைக்கவில்லை. என்ன பழுது என்று உள்ளே ஆராய்ச்சி நடந்தது, காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, திருத்தப்பட்டது. வெளியே காப்பாற்றினார், உள்ளே கணக்குக் கேட்டார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தலைமை கெடும். காப்பாற்ற மட்டும் தெரிந்தவர் சோம்பலை வளர்ப்பார். கணக்குக் கேட்க மட்டும் தெரிந்தவர் பயத்தை வளர்ப்பார். பயம் வளர்ந்த இடத்தில் கெட்ட செய்தி மேலே ஏறாது.

கெட்ட செய்தி மேலே ஏறியும் பயனில்லாமற்போன இடமும் உண்டு. அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலத்துக்கு ராக்கெட் செய்து கொடுத்தது மார்ட்டன் தியோகால் என்ற கம்பெனி. 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ந் தேதி இரவு, குளிர் மிகுதியாக இருப்பதால் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமற் போகலாம், ஆகவே செலுத்த வேண்டாம் என்று அக்கம்பெனியின் பொறியாளர்கள் வற்புறுத்தினர். மேலிடத்தில் இருந்த ஒருவர், பொறியாளர் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். அவரும் இணங்கினார். மறுநாள் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் சிதறியது. ஏழு உயிர்கள் பலியாயின.

அந்தத் தொப்பிப் பேச்சை நம் இளைஞர்கள் மறக்கலாகாது. மேலே ஏறும்போது கீழே கற்ற உண்மையைக் கழற்றி வைப்பதுதான் தலைமை என்று அந்த மனிதர்கள் எண்ணினார்கள். உண்மையில், வேலை தெரிந்தவனைத் தலைவன் ஆக்குவது அந்த உண்மையை மேலிடத்திலும் பேசுவான் என்பதற்காகவே. பதவி என்பது ஓர் அமானிதம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மனிதர்களின் உழைப்பு மட்டுமல்ல, அவர்கள் சொன்ன எச்சரிக்கையும் அதில் அடக்கம்.

இனி, கலாம் அவர்கள் பெற்றதை என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1989-ஆம் ஆண்டு அக்னி ஏவுகணையின் முதற் சோதனை இருமுறை தள்ளிப்போயிற்று. ஏளனம் மிகுந்தது, குழுவினர் சோர்ந்தனர். அப்பொழுது அவர், தம் ராக்கெட் கடலில் விழுந்தும் தாம் மீண்டு வந்ததை எடுத்துச் சொல்லி, உங்கள் ஏவுகணை இன்னும் உங்கள் கண்முன்னேதான் இருக்கிறது என்று தைரியம் கொடுத்தார்கள். மே மாதம் 22-ந் தேதி அது வெற்றியாயிற்று. பத்து ஆண்டுகளுக்கு முன் தமக்குக் கிடைத்த நிழலை அவர் பிறருக்கு அளித்தார்கள். வளர்ச்சி என்று சொல்லத்தக்கது இதுவே.

மூன்று பேருக்கு மேலாளராக இருப்பவரும் இதை நாளையே தொடங்கலாம். குழுவின் பிழையால் வாடிக்கையாளரின் வேலை நின்றுபோனால், மேலதிகாரியிடம் ஆளின் பெயரைச் சொல்லாமல், "பொறுப்பு என்னுடையது" என்று சொல்லட்டும். பிறகு குழுவோடு உட்கார்ந்து, யார் என்பதைவிட எதனால் என்பதைத் தேடட்டும். வேலை வெற்றியானால் அதைச் செய்த இளையவரையே எழுந்து விளக்கச் சொல்லட்டும். கெட்ட செய்தியோடு வருகிறவரிடம் முகம் சுளிக்காதிருக்கட்டும். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனுக்கு இந்த நிழல் உரியதன்று. அவனைத் திருத்துவதும், திருந்தாவிடில் விலக்குவதும் கடமையே.

நம் ஊர் அன்னாசிச் செடி கனி தந்த பிறகு, அதன் பக்கக் கன்றுகளை எடுத்து நட்டே அடுத்த தோட்டம் உண்டாக்குகிறோம். கனியை மட்டும் எண்ணிக் கன்றுகளைக் கவனியாதவன் தோட்டக்காரன் அல்லன். அவ்வாறே ஒரு தலைவரை அளக்க விரும்பினால், அவர் ஏறிய படிகளை எண்ண வேண்டா. அவருக்குக் கீழ் இருந்து எத்தனை பேர் அச்சமின்றி உண்மை பேசவும், பிறர் பொறுப்பைச் சுமக்கவும் கற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்ப்போமாக.