கல்லறைக்கு முதலில் போனவர்கள்

புனித வெள்ளிக்கு அரசு விடுமுறை உண்டு. ஈஸ்டரோ இன்னொரு ஞாயிறாகக் கடந்துவிடுகிறது. சென்னைக்கு அருகே சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சாலை ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடம் ஈஸ்டரின் செய்தியை எப்படிச் சொல்வது?

கேட்பவருக்குப் பழகிய வடிவத்தில் சொல்ல வேண்டும். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பைபிள் செய்தியைச் சொல்ல, குறத்தி குறி சொல்லும் நாடக வடிவமான குறவஞ்சியைக் கையில் எடுத்தார்.

மாற்கு நற்செய்தியின் உயிர்த்தெழுதல் பகுதியும் தத்துவத்தில் தொடங்கவில்லை. ஞாயிறு அதிகாலை, கையில் நறுமணப் பொருட்களோடு மூன்று பெண்கள் இயேசுவின் கல்லறைக்கு நடக்கிறார்கள்; வாசல் கல்லை யார் புரட்டித் தருவார் என்பதே அவர்கள் கவலை. கல்லறை காலி. பயந்து ஓடுகிறார்கள். அவர்கள் சொன்னதை ஆண் சீடர்கள் நம்பவில்லை என்கிறார் லூக்கா.

சபைகள் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டி அல்லேலூயாவுக்குப் போய்விடுகின்றன. அது பெரிய இழப்பு. 2021 டிசம்பரில், தொழிலாளர் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, இந்த வட்டாரப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் பேச்சு காதில் ஏறியது. நம்பப்படாத சாட்சிகளின் கதையை அவர்களிடம் முதலில் சொல்லலாம். விசுவாச அறிக்கை பிறகு வரட்டும்.