படுத்து எழுந்திரு!

தூக்கம் வரவில்லை என்கிறாயா?

இரவு ஒரு மணிக்கும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால் எப்படி வரும்?

"ஓய்வெடுக்க எனக்கு ஏது நேரம்?" இதுதானே உன் பதில்?

தி.நகர் கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறாய். அடையாறு சிக்னலில் ஹாரன் சத்தத்தில் வேகிறாய். வீட்டுக்கு வந்தால் குக்கர், பிள்ளையின் வீட்டுப்பாடம், நாளைக்கு அரைக்க வேண்டிய மாவு. உன் உழைப்பு பெரிது. யார் இல்லை என்றது?

ஆனால் உண்மையைச் சொல். நேரம் இல்லையா, பயமா?

கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தால் கடன் ஞாபகம் வரும். கைநழுவிப் போன வேலை ஞாபகம் வரும். சொல்ல நினைத்துத் தொண்டையோடு விழுங்கிய வார்த்தைகள் எல்லாம் வரும். அதற்குப் பயந்துதான் ஓடுகிறாய். கேட்டால் "பிஸி" என்கிறாய்!

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே போட்டது. முதலாளி உனக்கு நாற்காலி தர வேண்டும். சரி, நீ உனக்கு என்ன தந்தாய்?

யோகா செய் என்றால், உடம்பு வளையாது, வயதாகிவிட்டது, யோகாவெல்லாம் ஒல்லியானவர்களுக்கு! அடுத்த சாக்கு இதுதானே?

மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளிக்கு வா. அங்கே கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இருக்கிறது. 1976-ல் டி.கே.வி. தேசிகாச்சார் தன் தந்தையும் குருவுமான திருமலை கிருஷ்ணமாச்சார்யாவின் பெயரில் தொடங்கியது.

அந்தப் பெரியவரின் கதையைக் கேள். அதன்பிறகு உன் சாக்கைச் சொல்!

1888-ல் பிறந்தவர். சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். அப்படிப்பட்டவர் வயிற்றுப்பாட்டுக்காகக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். அவமானம் என்று மூலையில் உட்கார்ந்தாரா? இல்லை!

1933-ல் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். புகழ் வந்தது. பிறகு காலம் மாறியது. மன்னராட்சி போனது. 1950-ல் யோகசாலைக்குப் பூட்டு விழுந்தது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெரிய குடும்பம். கையில் இருந்த மேடை போய்விட்டது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "என் காலம் முடிந்தது" என்று சாய்வு நாற்காலி தேடியிருக்க மாட்டாயா?

அவர் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பாடம் எடுத்தார். முதல் படியிலிருந்து மறுபடி ஏறினார்!

மைசூரில் அவரிடம் படித்தவர்கள் துள்ளும் பையன்கள். வேகமான ஆசனங்கள் அவர்களுக்குச் சரி. சென்னையில் வந்தவர்களோ முதுகுவலிக்காரர்கள், முதியவர்கள், படுத்தால் தூக்கம் வராதவர்கள். அவர்களை வளைத்து ஒடிக்கவில்லை அவர். முறையை வளைத்தார். ஒவ்வொருவராக உட்காரவைத்து, நாடி பார்த்து, அவரவர் உடம்புக்கும் மூச்சுக்கும் தக்கபடி பயிற்சி கொடுத்தார்.

மென்மை பலவீனம் என்று உனக்கு யார் சொன்னது? அரை நூற்றாண்டு அனுபவம் கண்ட முடிவு அது!

1960-களின் தொடக்கம். வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து அந்த ஆசாரமான பெரியவரைக் கட்டிக்கொள்கிறார். மகன் திகைத்துப் போகிறார். காரணம் என்ன? பெரியவர் தந்த பயிற்சியால், பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக மாத்திரை இல்லாமல் அந்தப் பெண்மணி தூங்கியிருக்கிறார்!

அந்த மகன்தான் தேசிகாச்சார். பொறியியல் படித்தவர். கையில் வேலை காத்திருந்தது. "யோகாவை விடு, உன் வேலையைப் பார்" என்ற தந்தையின் பேச்சையும் மீறி அவரிடமே மாணவராகச் சேர்ந்தார். ஒருவர் தூங்கிய ஒரு ராத்திரி, இன்னொருவரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. தூக்கம் உனக்கு அவ்வளவு அற்பமாகவா போய்விட்டது?

இனிமேல் கற்க வெட்கமாக இருக்கிறதா? உலகம் சுற்றித் தத்துவம் பேசிய ஜே. கிருஷ்ணமூர்த்தி, எழுபது வயதில், முப்பதுகூட ஆகாத தேசிகாச்சாரிடம் மாணவராக உட்கார்ந்தார். உன் வெட்கம் அதைவிடப் பெரிதா?

விலை உயர்ந்த மேட் வேண்டாம். வீட்டுப் பாய் போதும். மல்லாந்து படு. முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்று.

மூச்சை இழு. இழுக்கத் தொடங்கிய பிறகு கைகளை மெல்லத் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோ. மூச்சை விடு. கைகள் பக்கத்துக்குத் திரும்பட்டும். மூச்சு முன்னால் போக வேண்டும், கை அதன் பின்னால் வர வேண்டும். ஆறு முறை!

அடுத்து, உள்ளங்கையை அடிவயிற்றில் வை. நான்கு எண்ணும்வரை இழு. ஆறு எண்ணும்வரை விடு. திணறினால் எண்ணிக்கையைக் குறை. இங்கே யாரோடும் உனக்குப் போட்டி இல்லை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். இது உடலின் இயல்பு.

கடைசியாக, வாயை மூடிக்கொண்டு வண்டு போல "ம்ம்ம்" என்று ஒலி எழுப்பு. பிராமரி என்பார்கள். நெஞ்சு அதிர்வதைக் கவனி.

மார்கழி முழுக்க சபா சபாவாகப் போய் அடுத்தவர் குரலுக்குத் தலையாட்டுகிறாயே, உன் குரலை என்றைக்குக் கேட்டாய்?

பெண்கள் வேதம் ஓதக்கூடாது என்று ஊரே சொன்ன காலத்தில், வைதிகரான கிருஷ்ணமாச்சார்யா பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார். குரல் எல்லோருக்கும் உரியது! தேவாரம் பாடு. சினிமாப் பாட்டுப் பாடு. வாயைத் திறந்து பாடு! பாடிப் பழகிய தொண்டைக்குத்தான் "முடியாது" என்று சொல்லவும் வரும்.

முதல் நாள் மனம் ஊர் சுற்றும். சுற்றட்டும்! நடுவில் ஒரு நாள் விட்டுப்போகும். போகட்டும்! மறுநாள் பாயை விரித்தாயா என்பதுதான் கேள்வி.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே. அவரைக் கேட்டுச் செய். வலி, நோய் இருந்தால் தேர்ந்த ஆசிரியரைத் தேடிப் போ. தைரியம் வேறு, அசட்டுத்தனம் வேறு.

தொண்ணூற்றாறு வயதில் கிருஷ்ணமாச்சார்யாவின் இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். நூறு வயதைத் தாண்டி, 1989-ல்தான் மறைந்தார்.

உனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. மூச்சு இலவசமாக ஓடுகிறது. இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய்? நல்ல நாளுக்கா?

ஓய்வு யாரோ போடும் பிச்சை அல்ல. நீ எடுத்துக்கொள்ள வேண்டிய உரிமை. கால் மணி நேரம். இன்று ராத்திரியே எடுத்துக்கொள்!