அடுப்பில் இருக்கும்போதே

அம்மா சமைக்கும்போது ருசி பார்த்து நான் கண்டதில்லை. குழம்பு கொதி வந்ததும் மூடியைத் தூக்கி, எழும் ஆவியை வலது கையால் முகத்துப் பக்கம் விசிறிக்கொள்வாள். கண் ஒரு நொடி மூடும். "உப்பு பத்தல" என்று தனக்குத்தானே சொல்லி ஒரு சிட்டிகை போட்டு மூடிவிடுவாள். முதல் கவளம் காக்காய்க்கு. அது கொத்தும் முன் எங்கள் வீட்டில் யார் நாக்கிலும் எதுவும் படாது. அமாவாசைக்கும் புரட்டாசிச் சனிக்கும் இருந்த கட்டுப்பாடு, வருஷம் போகப் போக எல்லா நாளுக்கும் ஆகிவிட்டது. அவள் சமையலில் உப்பு தவறிய நாட்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

தனக்கென்று ஒரு துளியும் முன்னால் எடுத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்குப் படைப்பது பெரிய விஷயம். அந்தக் கைக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன். ஆனால் பாங்காக்கிலிருந்து எங்கள் ஊர் தொட்டியத்துக்குத் திரும்பி வந்து, வாரத்துக்கு இரண்டு நாள் நானே கரண்டி பிடிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வழக்கம் எனக்குள் ஒரு கேள்வியாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். நான் குடியிருந்த சந்தின் முனையில் பப்பாளிக்காய் சாலட் விற்கிற ஓர் அம்மாள் தள்ளுவண்டி வைத்திருந்தார். 'சொம் தம்' என்பார்கள். ஆழமான மண் உரல், மர உலக்கை. பூண்டும் பச்சை மிளகாயும் முதலில் விழும். அடுத்து பனைவெல்லம், நீளப் பயற்றங்காய், தக்காளி, காய்ந்த இறால், வறுத்த கடலை. எலுமிச்சையைப் பிழிந்து, மீன் சாறு ஊற்றி, சீவிய பப்பாளிக்காயைக் கொட்டி, ஒரு கையால் உலக்கையைப் போட்டுக்கொண்டே இன்னொரு கையில் இருக்கும் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக் கொடுப்பார். எத்தனை மிளகாய் என்று முன்பே கேட்டுவிடுவார். ஆனால் அதோடு விடமாட்டார். இடித்து முடியும் தறுவாயில் உரலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் பக்கம் நீட்டி "சிம்" என்பார். ருசி பார் என்று அர்த்தம்.

முதல் நாள் நான் திகைத்துப்போனேன். வாயில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், "நல்லா இருக்கு" என்று தலையாட்டினேன். அவர் உலக்கையை நிறுத்தவில்லை. புளிப்பு போதுமா, உப்பு வேண்டுமா, இனிப்பு தூக்கலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, முப்பது வயது வரை இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை என்று. எனக்குப் புளிப்பு எவ்வளவு வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் நின்ற அந்தக் கணம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

அங்கே எந்தச் சாதாரண நூடுல்ஸ் கடைக்குப் போனாலும் மேஜையில் நாலு கிண்ணி இருக்கும். சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு. சமைத்தவர் தன் வேலையை முடித்துவிட்டார், மீதி சாப்பிடுகிறவர் கையில். கிண்ணியை எடுத்தால் சமைத்தவருக்குக் கோபம் வராது. நம் பந்தியிலும் இலையின் மூலையில் முதலில் உப்புதான் வைக்கிறோம். அதுவும் அதே அனுமதிதான். ஆனால் எங்கள் வீட்டில் அது பேசாத அனுமதி. அப்பா உப்பை விரலால் தொட்டுச் சோற்றில் தேய்ப்பார். வாய் திறக்கமாட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது என்பது அப்பாவின் தர்மம். கேட்கக்கூடாது என்பது அம்மாவுடையது.

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்தது. வேலை கிடைத்து நான் கிளம்பியபோது போகட்டுமா என்று நான் கேட்கவில்லை. போகவேண்டுமா என்று அவர்களும் கேட்கவில்லை. ஒன்பது வருஷமும் போனில் ஒரே பேச்சு. "சாப்டியா சாமி?" "சாப்டேன்." "எல்லாரும் சௌக்கியமா?" "சௌக்கியந்தான்." ஒரு வைகாசியில் அடித்த காற்றில் ஒரே ராத்திரியில் தோட்டத்து வாழை முழுக்கச் சாய்ந்தது. குலை தள்ளிய மரங்கள். எனக்குத் தெரியவந்தது அடுத்த பொங்கலுக்கு. எனக்கு மூன்று மாதம் வேலை இல்லாமல் போனது. அதை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து, எனக்குப் போன் வந்தபோது அவர் நினைவு தப்பியிருந்தது. "நீ அங்க தவிப்பேன்னு சொல்லல சாமி" என்றாள் அம்மா. அன்பினால் செய்ததுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லாம் வெந்து இறக்கியபின் என் இலையில் விழுந்தது. ஒரு கல் உப்பு கூட்டவோ குறைக்கவோ எனக்கு இடமில்லாமல் போயிற்று.

திரும்பி வந்த புதிதில் எனக்கு அங்கத்துச் சாப்பாடு மேல் ஏக்கம். அப்பா போன பிறகு அம்மா கவிச்சியைத் தொடுவதில்லை, அதனால் நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் புளிக்க வைத்து எடுக்கும் மீன் சாறுக்கு எங்கள் அடுப்படியில் இடமில்லை. அதுவே இல்லாமல் தாய்லாந்துச் சமையல் ஏது என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. அங்கேயும் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் ஒன்பது நாள் சைவ விழா உண்டு. கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். அந்த நாட்களில் மீன் சாறு கிடையாது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. சோயா சாறும் உப்பும்தான். ஸ்ரீரங்கத்து மடப்பள்ளிக் கட்டுப்பாட்டை அப்படியே அங்கே பார்த்த மாதிரி இருக்கும்.

தேங்காய்ப்பாலில் செய்யும் 'தொம் கா'வில் தொடங்கினேன். 'கா' என்பது பேரரத்தை. திருச்சி பெரிய கடைவீதியில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கட்டைபோல் காய்ந்த சித்தரத்தையைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது கொழந்தைக்கு இருமலுக்கு ஒரசிக் குடுக்குறது, இதப் போயி கொழம்புல போடுவியா?" என்றாள். பிறகு ஒருவரிடமிருந்து பச்சைப் பேரரத்தைக் கிழங்கு கிடைத்து, வாழை நிழலில் நட்டேன். இப்போது புதர் மாதிரி நிற்கிறது. வாசனைப்புல்லைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன், கழிநீரில் தழைத்துக் கிடக்கிறது. அங்கே போடும் எலுமிச்சை இலை வேறு ஜாதி, இரட்டை இலைபோல் நடுவில் இடுங்கியிருக்கும். அதற்குப் பதிலாக நார்த்தங்கொழுந்தைப் போடுகிறேன். ஸ்ரீரங்கத்துத் தோழன் வீட்டில் வேப்பிலைக்கட்டிக்கு இடிப்பார்களே, அதே கொழுந்து. வாசனை ஒன்றல்ல. ஆனால் அந்நியமும் இல்லை.

இரண்டாம் பாலில் பேரரத்தை வில்லைகளையும், நசுக்கிய வாசனைப்புல் தண்டையும், கிழித்த கொழுந்தையும் போட்டுச் சிறுதீயில் வைக்கவேண்டும். காளானும் மிளகாயும் அதில் வேகும். கடைசியில் முதல் பால். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை, கொதியில் பிழிந்தால் கசந்துவிடும். எலுமிச்சை ரசம் வைக்கிற எந்த வீட்டிலும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது பேரரத்தையையும் புல்லையும் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிடவேண்டும். இத்தனையும் அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபடாதது ஒன்றுதான். நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தது.

"எச்ச பண்ணிக்கிட்டே இருக்கியே!"

வேறு வழியில்லை. காரம், புளிப்பு, உப்பு, இனிப்பு நாலும் ஒன்றையொன்று பிடித்து நிற்கிற சமையல் அது. ஒன்றைக் கூட்டினால் மற்றது தாழும். எலுமிச்சை ஒவ்வொன்றும் ஒரு புளிப்பு, கருப்பட்டி ஒவ்வொன்றும் ஒரு கரிப்பு. அளவு எழுதி வைத்துக்கொண்டு செய்யமுடியாது. கரண்டியைக் கழுவி, வேறு கரண்டி எடுத்து, மறுபடி பார்க்கவேண்டியதுதான்.

சொந்தக்காரர்கள் சிலர் இதென்ன சயாம் சமையல் என்று கேட்டபோது அம்மா எனக்காகப் பேசினாள். "ஸ்ரீரங்கம் பெரிய கோயில்லயே துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறாங்க. எம் பையன் தேங்காப்பால்ல செஞ்சா என்ன?" ஊர் மாறி வந்த உணவு அவளுக்கு எப்போதும் பிரச்சினை இல்லை. போர்த்துகீசியர் கொண்டுவந்த மிளகாயை அவர்களும் நாமும் ஒருபோலச் சுவீகரித்துக்கொண்டோம் என்றால் "அப்படியா" என்று கேட்டுக்கொள்வாள். எச்சில்தான் அவளுக்குத் தடை.

அந்தத் தடைக்கு எங்கள் பக்கத்தில் கல்லிலேயே சாட்சி உண்டு. சீனிவாசநல்லூரில் காவிரிக்கரை ஓரம் குரங்கநாதர் கோயில் நிற்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கட்டடம். அங்கே இருக்கிற சிற்பங்களின் முகத்தைப் பார்த்தால் நகர மனம் வராது. ஆனால் வழிபாடு இல்லை. கட்டும்போதே ஒரு குரங்கு உள்ளே புகுந்து தீட்டாக்கிவிட்டது, அதனால் குடமுழுக்கே நடக்கவில்லை என்று கதை. சின்ன வயதில் அம்மா என்னை அங்கே கூட்டிப்போய் இதைச் சொன்னது நினைவிருக்கிறது. படைக்கும் முன் ஒன்று தொட்டுவிட்டால் அவ்வளவுதான் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

ஆனால் அதே அம்மாதான் மார்கழி முப்பது நாளும் ஆண்டாளைப் பாடுகிறாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்து, அழகாக இருக்கிறதா என்று சரிபார்த்து அனுப்பிய பெண். பெரியாழ்வார் பதறினார். பெருமாளோ அந்த மாலைதான் வேண்டும் என்றார். கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தது இதோ பஸ்ஸில் போய்விடக்கூடிய ஸ்ரீரங்கத்தில். கண்ணப்பர் ஒவ்வொரு துண்டு இறைச்சியையும் மென்று பார்த்து, நல்லதை மட்டும் எடுத்து வைத்தார். நம்முடைய மரபு தொடாதே என்று சொன்னது உண்மை, தொட்டுப் பார்த்தவர்களை நெஞ்சில் ஏற்றிக்கொண்டதும் உண்மை. விதியை ஒரு கையிலும் அதை மீறியவர்களை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நாம் வாழ்ந்திருக்கிறோம். இதை நான் கண்டுகொள்ளப் பாங்காக் வரை போகவேண்டியிருந்தது. அங்கே வாட் சுதட் கோயிலுக்கு எதிரே சிவப்பாக ஓங்கி நிற்கிறது 1784இல் முதலில் எழுப்பி, பிறகு புதுப்பித்துக் கட்டிய பெரிய ஊஞ்சல். 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதோடு சேர்ந்த அரண்மனைப் பிராமணர்களின் சடங்குக்கு இன்னும் 'திரியம்பவாய், திரிபவாய்' என்றே பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் தாண்டிப் போய் உருமாறிய பெயர்கள் அவை. அந்தச் சிவப்புக் கம்பத்தின் அடியில் ஒரு மார்கழிக் காலையில் நின்றபோது எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. போன் செய்தேன். "சாப்டியா சாமி?" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாமிக்கு அவள் வழியே இருக்கட்டும். அவருக்குக் குறை தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார். மனுஷருக்கு அப்படிச் செய்ய என்னால் இனி முடியாது. நல்லதாகவே முடியும் என்று நம்பி மூடி வைத்த பாத்திரங்களால் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் இழந்தோம். வெந்துகொண்டிருப்பதைக் காட்டுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். பாதியில் எதுவும் அழகாக இருப்பதில்லை. ஆனால் இன்னொருவர் கை வைக்க முடிவது அந்தப் பாதியில்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் வாழைப்பழ இனிப்பு செய்தேன். அங்கே அதற்கு 'குளுவாய் புவட் சீ' என்று பெயர், துறவறம் பூண்ட வாழைப்பழம் என்று பொருள். வெள்ளை உடுத்தும் பெண் துறவிபோலத் தேங்காய்ப்பாலில் வெளுத்துக் கிடக்கும். அதற்கு அவர்கள் எடுக்கிற 'நாம் வா' பழம் வேறெதுவும் இல்லை, நம் கற்பூரவல்லி இனமேதான். தொட்டியத்தில் அதற்கா பஞ்சம்? கனியவும் கூடாது, காயாகவும் இருக்கக்கூடாது. மஞ்சள் ஏறத் தொடங்கி, காம்போரம் பச்சை விடாமல் இருக்கிற செங்காய்ப் பதம். தோலோடு கொஞ்சம் வேகவைத்து உரித்தால் துவர்ப்பு போய்விடும். நீளவாக்கில் நாலாக அரிந்து தேங்காய்ப்பாலில் போட்டு, சர்க்கரை சேர்த்துச் சிறுதீயில் வைத்தேன். அம்மா திண்ணைப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆவி அவள் பக்கம் போயிற்று.

"உப்பு போடல" என்றாள்.

இனிப்புக்கு உப்பா என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். போடவேண்டும். ஒரு சிட்டிகை உப்பு இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் சப்பென்று நிற்கும். நான்தான் மறந்திருந்தேன். நாலு தரம் ருசி பார்த்த எனக்குத் தெரியாதது நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்தது. உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு கரண்டி எடுத்து அவளிடம் நீட்டினேன். "பாரும்மா, போதுமா?"

கரண்டியை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். விட்டேன். ஊதி ஊதி, கையை வாய்க்குக் கொண்டுபோய் நக்கினாள்.

"பழம் இன்னும் வேகணும். சக்கர போதும்." கையைத் துடைத்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து நாளா எடது கண்ணு மங்கலாத் தெரியுது சாமி. சொல்லலாமா வேணாமான்னே இருந்துச்சு."

தீயை இன்னும் தணித்துவிட்டு, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். மங்கல் காலையில் அதிகமா, சாயங்காலமா என்று கேட்டேன்.