உருகிப்போன மெழுகு

கார்த்திகைக்கு விளக்கு வாங்க மதுரை பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போயிருந்தேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளைத் தாண்டியதும், சுவாமிமலை நடராசர் முன் கால் நின்றுவிட்டது.

அந்தச் சிலை பிறக்கும் விதமே தனி. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியதும் மண் அச்சை உடைப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

உருகிய மெழுகுக்கும் உடைந்த மண்ணுக்கும் அந்தத் தெய்வத்தில் பங்கில்லையா?

இப்படிக் கேட்க எனக்குக் காரணம் உண்டு. நான் தீப்பெட்டித் தொழில் ஊரான ஏழாயிரம்பண்ணைக்காரி. எங்க அம்மா முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கினாள். அவள் அடுக்கியதில் ஒரு குச்சிகூட இன்று இல்லை. எந்தெந்த ஊர்ச் சன்னதிகளிலோ சூடம் ஏற்றிவிட்டுக் கரியாகிப் போயின.

அழியாமல் நிற்பதே தெய்வீகம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என் மனம் அதை ஏற்கவில்லை. தன்னைக் கொடுத்துத் தீர்ந்ததிலும் தெய்வம் இருக்கிறது; நிற்பதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

இந்தக் கார்த்திகையில் விளக்கேற்றும்போது, திரியைப் பற்றவைத்து அணையும் குச்சியையும், அதை அடுக்கிய விரல்களையும் ஒரு கணம் கும்பிடுங்கள்.