ஆசிரியருக்குச் சேர வேண்டிய செய்தி

கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. யாரும் மறுக்காத கடமைகளுக்கு ஒரு கேடு உண்டு: அவற்றை ஆராய்ந்து பார்ப்பவர் குறைவு, செய்பவர் அதைவிடக் குறைவு. ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று பள்ளிகளில் ரோஜாப்பூவும் பேனாவும் கொடுக்கிறார்கள். யாரோ செய்த வாழ்த்துப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் பல கை மாறி ஆசிரியரின் கைபேசிக்கு வந்து சேர்கிறது. ஒருவர் தனியே உட்கார்ந்து, தனக்குக் கற்பித்தவரை நினைத்து, மனமாரக் கடிதம் எழுதுவது வேறு காரியம். அது கடமையா, விருப்பமா? கடமை என்றால் எதன் பேரில்? எந்த நிலையில் அது நன்றி, எந்த நிலையில் முகத்துதி? அடித்த கைக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல வேண்டுமா?

முதல் மறுப்பு சம்பளத்தைப் பற்றியது. சம்பளம் வாங்கினார், பாடம் நடத்தினார். கணக்கு அங்கேயே நேராகிவிட்டதே, நன்றி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பழைய கேள்விதான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செனெக்கா, நன்மை செய்தல் பற்றிய தன் நூலின் ஆறாம் பகுதியில் மருத்துவரையும் ஆசிரியரையும் வைத்தே இதைப் பேசுகிறார். நாம் கொடுக்கும் பணம் அவர்களுடைய உழைப்புக்கும் நேரத்துக்குமான ஈடு. உயிருக்கோ கல்விக்கோ அது விலையாகாது என்பது அவர் கட்சி. அதோடு அவர் நிற்கவில்லை. நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போகும் மருத்துவருக்குக் கட்டணத்துக்கு மேல் கடன் எதுவும் இல்லை. நமக்காகக் கவலைப்பட்டு, தேவைக்கு மேல் உழைத்தவருக்கே கடன் உண்டு. ஆசிரியருக்கும் இதுவே அளவு என்கிறார்.

அழகான பிரிப்பு. ஆனால் வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் சரியாகப் பொருந்துவதில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு நடத்தும் ஆசிரியை யாருக்காகவும் தனியாக மெனக்கெடாதவராக இருக்கலாம். நாற்பது பேரும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுவிடுகிறார்கள். தனிக்கவனம் இல்லை என்பதற்காக அவருக்கு எதுவும் கடன்படவில்லை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. அப்படியானால் நன்றியின் அடிப்படை அவர் காட்டிய தனி அன்பில் மட்டும் இல்லை. அவருடைய தொழிலின் இயல்பிலும் இருக்கிறது.

கொத்தனாருக்கு அன்று மாலையே சுவர் தெரிகிறது. தையற்காரருக்குச் சட்டை பொருந்தியது தெரிகிறது. மருத்துவருக்குக் காய்ச்சல் இறங்கியது தெரிகிறது. ஆசிரியருக்குத் தெரிவது ஆண்டிறுதி மதிப்பெண் மட்டும். ஏப்ரலில் ஒரு வகுப்பு வெளியேறும், ஜூனில் இன்னொன்று வந்து உட்காரும். அவர் கற்பித்தது உண்மையிலேயே பயன்பட்டதா என்பது பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, வேறொரு ஊரில், அவர் பார்க்காத இடத்தில் தெரியவரும். அந்த விவரத்தை அறிந்தவர் உலகில் ஒருவரே: அந்த மாணவர். அரசு தரும் நல்லாசிரியர் விருதாலும் ஓய்வூதியத்தாலும் அதைச் சொல்ல முடியாது. ஆகவே கடிதம் எழுதும் கடமை, புகழ வேண்டிய கடமை அல்ல. ஒருவருடைய உழைப்பின் பலனை உரியவருக்குத் தெரிவிக்கும் கடமை. கடிதம் எப்படி இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்ற மற்ற கேள்விகளுக்கும் இங்கிருந்தே விடை தேட முடியும்.

ஏணி, தோணி, மெழுகுவர்த்தி என்று எழுதப்படும் கடிதம் இந்தக் கடமையை நிறைவேற்றுவதில்லை. எந்த ஆசிரியருக்கும் எந்த மாணவரும் அதை அனுப்பலாம். பெறுபவருக்கு அதில் புதிய செய்தி ஒன்றும் கிடையாது. போதாக்குறைக்கு, மேலே ஏறியவர் விட்டுச்சென்ற பொருளாகவும் எரிந்து தீர்ந்த பொருளாகவும் ஆசிரியரை அவை காட்டுகின்றன. 'தேற்றத்தை மனப்பாடம் செய்யவிடாமல், படத்தைத் திருப்பி வரைந்து மறுபடி நிறுவச் சொன்னீர்கள். இன்று பட்டறையில் ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்தால் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன்' என்ற இரண்டு வாக்கியம் அதைவிட மேலானது. நடந்தது என்ன, அதனால் ஆனது என்ன என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

2018-இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகள் இங்கே பொருந்தும். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குக் கூச்சமாக இருக்குமோ, தங்கள் சொற்கள் சரியாக அமையவில்லையோ என்று தேவைக்கு மேல் அஞ்சினார்கள். பெற்றவர்களோ சொல்நயத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. எதற்காக நன்றி என்ற காரணம்தான் எழுதியவர்கள் நினைத்ததைவிட அவர்களை வியக்கவைத்தது. தமிழில் எழுத வராது, கையெழுத்து நன்றாக இராது என்று ஒத்திப்போடுவோரின் சாக்கு இதில் அடிபட்டுப்போகிறது.

எப்போது எழுதுவது என்பதும் அறம் சார்ந்ததே. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தொடக்கத்தில் நன்றியுரைப் பக்கம் இருக்கும். நெறியாளருக்கு முதல் வணக்கம், பெரும்பாலும் மிக உயர்ந்த சொற்களில். ஆய்வேட்டில் நெறியாளரின் கையெழுத்து இன்னும் விழாத நேரத்தில் எழுதப்படும் பக்கம் அது. எழுதியவர் மனதார எழுதியிருக்கலாம்; ஆனால் படிக்கும் நெறியாளரால் அதை உறுதியாக நம்ப முடியாது. செய்முறைத் தேர்வு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது மாணவர் தரும் வாழ்த்து அட்டையும் அப்படித்தான். இதில் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. அதிகாரம் நடுவில் நிற்கும்வரை நன்றியையும் காரியத்தையும் பிரித்தறிய இருவராலும் இயலாது. ஆசிரியர் தினத்தன்று எல்லாரும் கட்டாயம் எழுதி வர வேண்டும் என்று பள்ளி சொன்னால் அது வீட்டுப்பாடம். பெறுவதற்கு ஒன்றும் இல்லாத நாளில் எழுதும் கடிதத்துக்குத்தான் முழு எடை.

அத்தகைய கடிதங்களில் உலகம் அறிந்த ஒன்று எழுத்தாளர் ஆல்பெர் கமுய் எழுதியது. தந்தை 1914-இல் போரில் இறந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாயோடும் கண்டிப்பான பாட்டியோடும் அல்ஜியர்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை. தொடக்கப் பள்ளி முடிந்ததும் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர். லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் கூலி வாங்காமல் கூடுதல் பாடம் நடத்தி, பாட்டியிடம் பேசிச் சம்மதம் பெற்று, உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பிவைத்தார். 1957 அக்டோபரில் கமுய்க்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நவம்பர் 19 அன்று அவர் ஜெர்மேனுக்கு எழுதினார். சுற்றிலும் எழுந்த ஆரவாரம் சற்று அடங்கட்டும் என்று காத்திருந்ததாக அந்தச் சிறிய கடிதத்திலேயே சொல்கிறார். செய்தி கிடைத்ததும் தாய்க்கு அடுத்து நினைவுக்கு வந்தவர் நீங்கள்தான் என்றும் எழுதினார். பின்னர் அச்சான நோபல் உரைகளை ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார். கடிதம் முதலில், தனியாக. ஊரறியச் சொன்னது பிறகு.

அந்த வரிசை முக்கியம். இன்று பலர் ஆசிரியருக்கான நன்றியை முகநூலில் எழுதுகிறார்கள். அதைப் படித்து நெகிழ்பவர்கள் எழுதியவரின் நண்பர்கள்; ஆசிரியர் முகநூலிலேயே இல்லாதவராக இருக்கலாம். பொதுவெளியில் சொல்வது தவறன்று. உரியவருக்குச் சேர்ப்பதற்கு முன்பே ஊருக்குக் காட்டினால், அது எழுதியவரின் பண்புக்குத் தரும் விளம்பரமாக முடிகிறது. நன்றி சொல்வது சொல்பவருக்கும் நன்மை தருகிறது என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்ந்தோரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதத்தை எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி நன்றாகக் கூடியது; சில மாதங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. நமக்கு இன்பம் தருகிறது என்பதால் கடமை கறைபடுவதில்லை. அந்த இன்பத்துக்காகவே எழுதினால், மனம் பழைய நிலைக்கு வந்ததும் ஆசிரியரும் மறந்துபோவார்.

எல்லாவற்றிலும் கடினமானது அடி. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்ட தலைமுறை ஒன்று இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்தது. அதற்கு முன் படித்த பலர் பிரம்படிக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறார்கள்: அன்று அடித்ததால்தான் இன்று இந்த நிலை என்று. இது பெருந்தன்மைபோலத் தோன்றினாலும், செய்தி என்ற அளவில் பெரும்பாலும் பொய். அடிபட்ட அத்தனை பேரும் இந்த நிலைக்கு வரவில்லை. அடி தாளாமல் படிப்பை விட்டவர் கடிதம் எழுதப்போவதில்லை.

இங்கும் கமுயிடம் பாடம் இருக்கிறது. அவர் இறந்தபின் 1994-இல் வெளிவந்த, முற்றுப்பெறாத, தன்வரலாற்றுச் சாயல் கொண்ட 'முதல் மனிதன்' நாவலில் வரும் ஆசிரியர் அன்பானவர். தடித்த மர அளவுகோலால் பிள்ளைகளை அடிப்பவரும்கூட. நாவல் அதை மறைக்கவில்லை. தேர்வில் வென்ற சிறுவன் தன் ஏழைக் குடும்பத்தின் உலகத்திலிருந்து பிரிந்துபோனதையும், அந்தப் பிரிவுக்கு ஆசிரியரே பொறுப்பேற்றதையும் அது சொல்கிறது. நன்மையை நன்மையென்றும் வலியை வலியென்றும் தனித்தனியே எழுத முடியும். கணக்கு சொல்லித்தந்ததற்கு நன்றி சொல்பவர், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதற்கும் நன்றி சொல்லக் கடன்பட்டவர் அல்லர். காயம் பெரிதாக இருந்தால் எழுதாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதை நன்றிகெட்டதனம் என்று வெளியாள் சொல்ல முடியாது.

தமிழில் ஆசிரியருக்குச் செலுத்தப்பட்ட மிகப் பெரிய நன்றி ஒன்று, உரியவர் படிக்க முடியாத காலத்தில் வந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். மாணவர் உ.வே.சாமிநாதையர் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933, 1934-இல் வெளியிட்டார். பிள்ளையின் புலமையைச் சொன்ன கை, அவருடைய வறுமையையும் கடன் தொல்லையையும் மறைக்கவில்லை. அந்த நூல் பிற்காலத்தாருக்கு ஒரு காலத்தின் கல்வி முறையையே காத்துத் தந்தது. ஆயினும் அதைக் கொண்டு தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. பெருநூல் எழுதும் ஆற்றல் எல்லாருக்கும் இல்லை; ஒரு பக்கம் எழுதும் ஆற்றல் எல்லாருக்கும் உண்டு. காலம் ஆசிரியருக்குத்தான் குறைவு என்றும் எண்ண வேண்டாம். நோபல் பரிசுக் கடிதம் எழுதிய கமுய் 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 46.

யாருக்கு எழுதுவது என்பதிலும் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கவைத்தவர் நினைவில் நிற்கிறார். ஐந்து வயதில் எழுத்தறிவித்தவரின் முகம்கூட மறந்துபோகிறது. மிகப் பெரிய உதவி, நினைவு வலுப்பெறாத வயதில் செய்யப்படுகிறது. கடிதங்கள் வென்றவர்களிடமிருந்தே அதிகம் வருகின்றன என்பதும் அதே கோணல்தான். நோபல் பரிசு பெற்றவரின் நன்றியில் பரிசின் ஒளியும் கலந்திருக்கிறது. படிப்பில் பின்தங்கிய ஒருவர், 'இன்று கடைக் கணக்கை நானே எழுதுகிறேன், யாரும் என்னை ஏமாற்ற முடியாது' என்று எழுதினால், ஆசிரியர் தன் வேலையைப் பற்றி அறிய வேண்டிய உண்மை அதில் இன்னும் தெளிவாக இருக்கும். அத்தகையவர், எழுதும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்.

கடைசியாக ஒரு சாக்கு, கேட்க மிக நயமானது: ஆசிரியருக்குக் கைம்மாறு செய்ய முடியாது, நாமும் நாலு பேருக்குக் கற்பித்தால் கடன் தீரும் என்பது. நாலு பேருக்குக் கற்பிப்பது நல்ல காரியம். அந்த நாலு பேர் பயனடைவார்கள். ஆனால் முதலில் கற்பித்தவர், தான் செய்தது வீணானதா இல்லையா என்பதை அறியாமலே இருப்பார். ஒருவருக்குத் தர வேண்டியதை வேறொருவருக்குக் கொடுத்து எந்தக் கடனும் தீர்ந்ததில்லை. இங்கே தர வேண்டியதும் அதிகமில்லை. காணிக்கை வேண்டாம், அலங்காரம் வேண்டாம், பதிலை எதிர்பார்க்கவும் வேண்டாம். தெரிந்த உண்மையை, தெரிந்த அளவில், உரிய முகவரிக்கு எழுதி அனுப்பினால் போதும். அதற்கு மேல் கேட்க ஆசிரியருக்கு உரிமையில்லை. அதற்குக் குறைவாகக் கொடுக்க மாணவருக்கும் நியாயமில்லை.