நாளுக்கொரு படம்

அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 முதல் 1997 ஒக்டோபர் 25 இல் இறக்கும் வரை நாளுக்கொரு பொலரோயிட் படம் எடுத்துவந்தார். ஆறாயிரத்துக்கும் மேல். நண்பர்கள், விருந்துகள், வீதிகள். இறுதியில் வைத்தியசாலைக் கட்டில். தன் நோயையும் அவர் விலக்கவில்லை.

இதை அறிந்து நானும் கைத்தொலைபேசியில் தொடங்கினேன். ஓராண்டு கழித்து வரிசையாகப் பார்த்தேன். பெரும்பாலானவை அசருக்குப் பின் மருதமுனைக் கடற்கரையில் எடுத்தவை. பட்டம் விடும் மகன், அலையில் கால் நனைக்கும் மகள். எல்லாம் வடிவு. உம்மா மட்டும் ஒன்றிலும் இல்லை. 2004 டிசம்பர் 26 இல் என் தங்கையைக் கடல் கொண்டுபோன பின் அவர் கரைப்பக்கம் வருவதில்லை. நாங்கள் அங்கே தின்னும் பலகாரம் அவர் சுட்டுத் தருவது.

படம் பொய் சொல்லாது என்பார்கள். எதை எடுப்பது என்ற தெரிவிலேயே பொய் நுழைந்துவிடுகிறது. துயரமறியாத குடும்பம் என்று நாளை என் பேரப்பிள்ளைகள் எண்ணக்கூடும். அதற்காக, விரும்பாதவரை நிறுத்திவைத்துப் படமெடுப்பது நீதியா? லிவிங்ஸ்டன் காட்டியது தன் நோயை. உம்மாவின் துயரத்தைக் காட்ட எனக்கு உரிமை ஏது?

அவரிடமே கேட்டேன்.

"என்னை எதுக்கு மனே? கடலை எடு."

"கடல் போதும் உம்மா."

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, பலகாரம் சுடும் கைகளை மட்டும் எடுக்கவிட்டார். அன்றைய படத்தில் முகம் இல்லை. உண்மைக்கும் அவர் விருப்பத்துக்கும் இடையில் எனக்குக் கிடைத்த வழி அவ்வளவுதான்.